ஒம்னி வானுக்கு டிபரன்சல் பல் மாத்துறது: 41:8இல இருந்து எதுக்குப் போகலாம்?

கொக்குவில்காரன் | ஜூன் 8, 2025

எல்லாருக்கும் வணக்கம். என்னட்டை இருக்கிறது மாருதி ஒம்னி. 796 சிசி, மூண்டு சிலிண்டர், காபரேற்றர், நாலு கியர், ரயர் 145 ஆர் 12. என்ஜின் முன் சீற்றுக்குக் கீழ இருக்கிற வண்டி எண்டது தெரியும்தானே. யாழ்ப்பாணத்துக்குள்ள ஓட ஒரு குறையும் சொல்ல ஏலாது. கஷ்டம் கொழும்பு ஓட்டம்தான்.

அம்மாவை மாதம் ஒருக்கா கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போறன். போக ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர், வர நானூறு. ஏ9இல 70இல பிடிச்சால் என்ஜின் சத்தம் சீற்றால ஏறி முதுகுக்கு வருது. முறிகண்டியில தேங்காய் உடைக்க இறங்கேக்கையே அம்மாவின்ர முகம் களைச்சுப் போயிடும். அதுக்கு அங்கால இன்னும் முந்நூறு கிலோமீற்றர் கிடக்கு.

இப்ப இருக்கிற டிபரன்சல், அதாவது என்ஜின் சுத்தைக் குறைச்சுப் பின்சில்லுக்குக் குடுக்கிற பல்லுப் பெட்டி, 41:8. கிறவுண் எண்ட பெரிய பல்லுச்சில்லில 41 பல்லு, அதைச் சுத்திற சின்னப் பினியனில 8. பாட்ஸ் கடையில ஒரு தம்பி சொன்னான், "அண்ணை, 41:9 கிறவுண் பினியன் ஒண்டு கிடக்கு, போட்டால் காராட்டம் ஓடும்" எண்டு. செய்யலாமோ? ஆரும் செய்து பாத்தவை இருக்கிறியளோ? வேற வான் வாங்கச் சொல்லாதேங்கோ. 2020இல இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு ஏறின விலை, இந்த வருசம் திறந்து விட்டும் என்ர கைக்கு எட்டிற இடத்தில இல்லை.

சுன்னாகம்_2சி | ஜூன் 8, 2025

தம்பி, நான் செய்தது உங்களுக்கு நேர்மாறு. என்ர டவுன்ஏஸ் டீசல், 2சி என்ஜின். 41:10 இருந்தது, இழுவை காணாமல் 41:9 போட்டன். தம்புள்ளையில இருந்து மரக்கறி மூட்டை அடுக்கிக்கொண்டு வரேக்க ரெண்டாம் கியரிலையே கிளச் மணக்கிற நிலைமை. மாத்தினாப் பிறகு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் வெறும் வண்டியா ஓடேக்க சத்தம் கூட. ரெண்டும் வேணும் எண்டால் ஏலாது, அதை முதலே மனசில வையுங்கோ.

இன்னொண்டு. இப்ப உங்கட வண்டியில இருக்கிறது 41:8தான் எண்டு ஆர் சொன்னது? இது எல்லாம் முப்பது வருசத்தில நாலு கை மாறின வண்டியள். எண்ணிப் பாருங்கோ. முன்சில்லு ரெண்டுக்கும் கட்டை குடுத்து, கியரை நியூற்றலில விட்டு, கை பிறேக்கை எடுத்து, பின்சில்லு ஒண்டை மட்டும் ஜக்கில தூக்குங்கோ. கீழ இருக்கிற சில்லு அசையக்கூடாது. தூக்கின சில்லில ஒரு சோக்குக் கோடு, புறொப்பெல்லர் சாஃப்ற்றில, அதாவது கியர்ப் பெட்டியில இருந்து டிபரன்சலுக்கு வாற தண்டில, ஒரு கோடு. சில்லை வடிவாய் ரெண்டு தரம் சுத்துங்கோ. ஒரு சில்லு நிலத்தில நிக்கிறபடியால், மற்றது ரெண்டு சுத்துச் சுத்தினால்தான் கிறவுண் ஒரு சுத்துச் சுத்தும். அந்த நேரம் சாஃப்ற் எத்தினை சுத்து வருதோ அதுதான் உங்கட கணக்கு.

கொக்குவில்காரன் | ஜூன் 9, 2025

செய்து பாத்தன் அண்ணை. மகள் சில்லைச் சுத்த நான் கீழ படுத்திருந்து எண்ணினன். அஞ்சு முழுச் சுத்து, அதுக்கு மேல கோடு கொஞ்சம் தாண்டி நிண்டுது. எட்டில ஒரு பங்கு எண்டு மட்டிடலாம். அப்ப 5.125, 41:8தான்.

தொழிற்கல்வி_ரீச்சர் | ஜூன் 9, 2025

வணக்கம். மோட்டார் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். முதலில் சொற்களைச் சரிப்படுத்திக்கொள்வோம், இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். கிறவுண் பல்லைப் பினியன் பல்லால் பிரித்தால் வரும் எண் பெரிதாக இருந்தால் இழுவை கூட, என்ஜின் சுற்றும் கூட. எண் சிறிதானால் சுற்றுக் குறையும், இழுவையும் அதே விகிதத்தில் குறையும். டிபரன்சல் புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்காது. இருக்கிற சக்தியை எந்தச் சுற்றில் எடுப்பது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது.

145 ஆர் 12 ரயர் பாரத்தோடு ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.65 மீற்றர் உருளும். உங்கள் நாலாம் கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் 70இல் என்ஜின் சுற்று:

5.125 (41:8) போட்டால் 3620
4.875 (39:8) போட்டால் 3450
4.556 (41:9) போட்டால் 3220

41:9 போட்டால் 400 சுற்றுக் குறைகிறது. காதுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கியரிலும் இழுவை 11 விழுக்காடு போய்விடும். வெறும் வண்டிக்கு, காற்றில்லாத நாளில், அது பெரிய விடயமில்லை. நீங்கள் எத்தனை பேரோடு, எந்த மாதத்தில் போகிறீர்கள்?

மயிலிட்டி_ஐஸ்பெட்டி | ஜூன் 9, 2025

ரீச்சர் கேட்ட "எந்த மாதம்" எண்டதுதான் சரியான கேள்வி. நான் மீன் ஏத்தி ஓடுறனான், சின்ன வானிலதான் தொடங்கினனான். யாழ்ப்பாணம் மேசை மாதிரித் தட்டை, ஏத்தம் இல்லை, அப்ப உயரக் கியர் போடலாம் எண்டு எல்லாரும் நினைக்கினம். எங்கட ஏத்தம் சோளகக் காத்து.

வைகாசியில தொடங்கினால் புரட்டாதி மட்டும் அது ஓயாது. ஆனையிறவில ரெண்டு பக்கமும் மரம் மட்டை ஒண்டுமில்லை, உப்பளமும் வெளியும். தென்மேற்கில இருந்து வாற காத்து முன்சரிவில வந்து பெட்டி மாதிரி இருக்கிற வானைப் பிடிச்சு நிப்பாட்டும். சங்குப்பிட்டிப் பாலத்தால பூநகரிப் பக்கம் இறங்கி மன்னார் றோட்டில போனால் நேர் முகத்தில. 70இல போன வண்டி, கால் முழுக்க மிதிச்சபடி 60க்கு இறங்கினதை நான் கண்டிருக்கிறன். நாலாம் கியரில இழுக்காமல் மூண்டுக்குப் போட்டுத்தான் பரந்தன் மட்டும் வந்தனான்.

தம்பி, நீங்கள் போற கிளினிக் மாதம் பாத்து வராதுதானே. ஆடியிலையும் போகத்தான் வேணும்.

தொழிற்கல்வி_ரீச்சர் | ஜூன் 10, 2025

மயிலிட்டி அண்ணா சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நீங்கள் 70இல் போகும்போது எதிர்க்காற்று 30 என்றால், வானின் முகத்தில் படுவது 100. நூறை எழுபதால் பிரித்து வர்க்கமெடுத்தால் 2.04. அதாவது வேகமுள்ளில் எந்த மாற்றமும் இல்லாமலே காற்றுத் தடை இரண்டு மடங்காகிவிடுகிறது.

இனி இதைக் கவனியுங்கள். 41:9 போட்டபின் அந்தக் காற்றில் நாலாம் கியர் இழுக்காவிட்டால் மூன்றாம் கியருக்கு வரவேண்டும். உங்கள் மூன்றாம் கியர் ஏறக்குறைய 1.4. அப்போது 70இல் சுற்று 4400ஐத் தாண்டும். இப்போது சத்தம் என்று நீங்கள் சொல்லுவது 3620. சத்தத்தைக் குறைக்கப் பணம் கொடுத்துவிட்டு, வருடத்தில் நாலைந்து மாதம் இன்னும் கூடிய சத்தத்தோடு அம்மாவைக் கூட்டிப்போக நேரும்.

மாற்றமுன் ஒரு சோதனை செய்யுங்கள். என்ஜினுக்குள் காற்றுப் போகும் இன்லெற் மனிபோல்டில், உறிஞ்சலை அளக்கும் வக்கூம் மீற்றர் ஒன்றைப் பூட்டி, அதன் குழாயை உள்ளே எடுத்து, ஒருவர் பார்த்துக்கொண்டு வரட்டும். நாலாம் கியரில் 70இல் நிலையாக ஓடும்போது எத்தனை அங்குலம் (பாதரச அளவு) காட்டுகிறது என்று எழுதுங்கள். பெரிய எண் காட்டினால் என்ஜினிடம் இன்னும் கைவசம் இருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் மிச்சம் ஒன்றுமில்லை, அதற்கு மேல் கியரை உயர்த்துவது வீண்.

கொக்குவில்காரன் | ஜூன் 16, 2025

ரீச்சர், மீற்றர் கடன் வாங்கிப் பூட்டிக்கொண்டு நேற்று ஆனையிறவு மட்டும் போய் வந்தன். மச்சான் பக்கத்தில இருந்து எழுதினவன். பின்னால அம்மாவின்ர நிறைக்கும் சாமானுக்கும் ஈடா ரெண்டு அரிசி மூட்டை.

கொடிகாமத்துக்கு அங்கால, ரெண்டு பக்கமும் பனையும் வீடும் மறைச்ச இடத்தில 70இல 9 அங்குலம். இயக்கச்சி தாண்டி வெளிக்கு வந்தோடன 6. ஆனையிறவு வெளியில 3, சில நேரம் ரெண்டரை. திரும்பி வரேக்க காத்து முதுகில, அதே இடத்தில 12. ஒரே றோட்டு, ஒரே வேகம். எனக்கே நம்ப ஏலாமல் இருந்தது.

அப்ப 41:9 சரிவராது எண்டு விளங்குது. 39:8 எடுபடுமோ?

தொழிற்கல்வி_ரீச்சர் | ஜூன் 16, 2025

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். 3 அங்குலத்தில் மிக ஒடுங்கிய இடம்தான் இருக்கிறது. 39:8 கேட்பது 5 விழுக்காடு மட்டும், அதை அந்த இடம் தாங்கும் என்று நினைக்கிறேன். 11 விழுக்காட்டைத் தாங்காது.

சுன்னாகம்_2சி | ஜூன் 17, 2025

டிபரன்சலை ஏன் தொடுறியள்? 155 ஆர் 12 போட்டாலே ரயர் மூண்டு விழுக்காடு உயரும். தேய்ஞ்ச ரயர் எண்டால் எப்படியும் மாத்தத்தானே வேணும். இல்லாட்டி அஞ்சு கியர்ப் பெட்டி ஒண்டு தேடுங்கோ. அஞ்சாவதை மட்டும் நல்ல நாளில பாவிச்சுக்கொண்டு, முதல் கியரின்ர இழுவையைத் தொடாமல் விடலாம்.

கொக்குவில்காரன் | ஜூன் 17, 2025

கியர்ப் பெட்டிக்குத்தான் முதலில ஆசைப்பட்டனான் அண்ணை. கேட்ட விலையும், புறொப்பெல்லர் சாஃப்ற்றை வெட்டி அளவெடுக்கிற வேலையும் சேர்த்துப் பாக்க மனசு விட்டுப் போச்சு. ரயர் பாரத்தில மட்காட்டில முட்டுமோ எண்ட பயம். கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு கடையில 39:8 முழு உள்கூட்டோட, அதாவது பல்லெல்லாம் பூட்டின உள்பாகமா, இருக்குது எண்டு சொல்லுறாங்கள்.

நெல்லியடி_பாஸ் | ஜூன் 18, 2025

தம்பி, முப்பத்தொரு வருசமா இந்த வேலை. வாங்கமுன் நான் சொல்லுறதைக் கேளுங்கோ, பிறகு அழுதுகொண்டு வராதேங்கோ.

முதலாவது, கிறவுணும் பினியனும் பிறக்கேக்கையே சோடி. ரெண்டையும் ஒண்டோட ஒண்டு உரசவிட்டுத்தான் கொம்பனியில முடிக்கிறது. கிறவுண் விளிம்பிலயும் பினியன் தலையிலயும் ஒரே இலக்கம் கீறியிருக்கும், துடைச்சுப் பாருங்கோ. இலக்கம் வேற எண்டால் இனாமாய்த் தந்தாலும் வேண்டாம். ரெண்டாவது, பல்லை விரல் நகத்தால தடவுங்கோ. நகம் தட்டுப்பட்டால் அது முடிஞ்ச சாமான். மூண்டாவது, டிபரன்சலில இருந்து சில்லுக்குப் போற அக்சில் சாஃப்ற்றின்ர நுனி வரிப்பல்லு. உங்கட சாஃப்ற் ஒண்டைக் கழட்டிக் கையில கொண்டுபோய், கடையிலையே உள்ளுக்க விட்டுப் பாருங்கோ. எண்ணிப் பாத்தனான் எண்டு சொல்லிப்போட்டுப் போகாதேங்கோ. நாலாவது, புறொப்பெல்லர் பூட்டிற பிளான்ஜின்ர நாலு ஓட்டையும் உங்கடையோட பொருந்தவேணும்.

இதெல்லாம் சரிவந்தால் உள்கூட்டை அப்படியே தூக்கி வைக்கலாம், ஒரு நாள் வேலை. அப்படியில்லாமல் கிறவுண் பினியனை மட்டும் எடுத்து உங்கட கூட்டில ஏத்திற நிலைமை வந்தால், டயல் கேஜ் (பல்லுக்கு இடையில இருக்கிற விளையாட்டை அளக்கிற முள்ளு மீற்றர்) இல்லாத கராச்சுக்குப் போகாதேங்கோ. அது ஒண்டுதான் நான் கேட்கிறது.

கொக்குவில்காரன் | ஜூலை 13, 2025

பாஸ் சொன்னதில மூண்டைச் செய்தன், ஒண்டை விட்டிட்டன். சாமான் கொழும்பில இருந்து பஸ்ஸில வந்தது, சாஃப்ற்றைக் கொண்டுபோய் விட்டுப் பாக்க வழியில்லை. வந்தாப் பிறகு பாத்தால் வரிப்பல்லு பொருந்தேல்லை.

இஞ்ச ஒரு கராச்சில கேட்டன். கிறவுண் பினியனை என்ர கூட்டுக்கு மாத்தித் தரலாம் எண்டிச்சினம். டயல் கேஜ் இருக்குதோ எண்டு கேட்டதுக்கு, கையால ஆட்டிப் பாத்தாலே தெரியும் எண்டு பதில். அந்த இடத்தில நான் திரும்பி வந்திருக்க வேணும். கிளினிக் திகதி கிட்ட வந்திட்டுது, விட்டிட்டன்.

இப்ப 45 தாண்டினால் ஒரு ஊளைச் சத்தம். அக்சிலறேற்றரை அமத்தேக்க கூடுது, காலை எடுத்தால் அடங்குது. என்ஜின் சத்தம் குறைஞ்சது உண்மை, ஆனால் இது அதைவிட மோசம். நூற்றிருபது கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு. அம்மாவை இந்த மாதம் றெயினில கூட்டிக்கொண்டு போனன்.

நெல்லியடி_பாஸ் | ஜூலை 13, 2025

இனி ஓடாதேங்கோ. ஓடிற ஒவ்வொரு கிலோமீற்றரும் பல்லைத் தின்னும். நாளைக்கு மெதுவாய் என்னட்டைக் கொண்டு வாங்கோ, 40க்கு மேல போகவேண்டாம்.

நெல்லியடி_பாஸ் | ஜூலை 16, 2025

தம்பியின்ர வண்டி திறந்து பாத்தாச்சு. மற்றவைக்கும் உதவும் எண்டு எழுதிறன்.

கிறவுணின்ர ஏழெட்டுப் பல்லில சிவப்பு ஈயப் பொடியை ஓயிலில குழைச்சுத் தடவி, ஒரு கையால கிறவுணை இறுக்கிப் பிடிச்சபடி மற்றக் கையால பினியனைச் சுத்தினன். பினியன் எங்க தொடுதோ அங்க பொடி வழிச்சுப் போய்ப் பல்லு வெள்ளையாத் தெரியும். அந்த வெள்ளை பல்லின்ர நடுவில, மாம்பழ விதை மாதிரி நீளமாய் இருக்கவேணும். இதில பல்லின்ர நுனி விளிம்பில மட்டும் மெல்லிசா ஒரு கோடு. பினியன் உள்ளுக்குப் போதாமல் நிக்குது எண்டு அர்த்தம்.

காரணமும் பிடிபட்டது. பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் இடையில சிம் எண்டு சொல்லுற மெல்லிய வாசர் ஒண்டு இருக்கு. அதின்ர தடிப்புத்தான் பினியன் எவ்வளவு உள்ளுக்கு நிக்கவேணும் எண்டதை முடிவு செய்யிறது. ஒவ்வொரு சோடிக்கும் அது வேற. பழைய பினியனில இருந்ததை அப்படியே புதுசுக்குப் போட்டிருக்கினம். ரெண்டு பேரிங்குக்கும் நடுவில நசிஞ்சு இருக்கிற குழாயையும் பழசையே போட்டிருக்கினம். அது ஒருக்கா நசிஞ்சால் முடிஞ்சுது, புதுசுதான் போடவேணும்.

பேரிங்கைப் பிறெஸ்ஸில கழட்டி, தடிச்ச சிம் போட்டுப் பாத்தன். ரெண்டாம் தரத்தில வெள்ளை நடுவுக்கு வந்திட்டுது. புதுக் குழாய் போட்டு, பிளான்ஜ் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, நூல் சுத்தி மீன் தராசில இழுத்துப் பாத்து இறுக்கம் சரி பண்ணினது. இந்த இடத்தில அவசரப்படக்கூடாது. கூட இறுக்கினால் நட்டைப் பின்னுக்குத் தளர்த்திச் சரிபண்ண ஏலாது, திரும்பப் புதுக் குழாய்தான். பிறகு ரெண்டு பக்க அட்ஜஸ்ரரையும் திருப்பி, பல்லு விளையாட்டு டயல் கேஜில 0.13 மில்லிமீற்றர். 0.10க்கும் 0.15க்கும் நடுவில நிண்டால் எனக்கு நித்திரை வரும்.

ஓயில் ஜிஎல்-5, 80டபிள்யூ-90. ஓயில் ஊத்தமுன் எல்லாரும் செய்யவேண்டிய ஒண்டு: மேல நிரப்பிற நட்டை முதலில கழட்டிப் பாருங்கோ. அது இறுகிக் கிடக்கிறது தெரியாமல் கீழ் நட்டைத் திறந்து பழைய ஓயிலை விட்டிட்டால், வண்டி நிண்ட இடத்திலதான்.

தம்பி, முதல் நாள் 20 நிமிசம் ஓடி நிப்பாட்டி ஆறவிடுங்கோ. அப்படி மூண்டு நாலு தரம். பாரம் ஏத்தாதேங்கோ. 800 கிலோமீற்றரில ஓயிலை மாத்துங்கோ.

சுன்னாகம்_2சி | ஜூலை 16, 2025

பாஸ், மீன் தராசு விசயம் எனக்கு இதுவரை தெரியாது. இதை எழுதி வைச்சதுக்குப் பெரிய நன்றி. வேலை தெரிஞ்சவை கனபேர் சொல்லாமலே போட்டினம்.

தொழிற்கல்வி_ரீச்சர் | ஜூலை 17, 2025

இந்தப் பதிவை மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட அனுமதி தருவீர்களா பாஸ்? பல்லில் படும் அடையாளத்தைப் பற்றிப் படத்தில் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறோம், மாம்பழ விதை என்று சொன்னால் மறக்கமாட்டார்கள்.

கொக்குவில்காரன் தம்பிக்கு: உங்கள் வேகமுள் கியர்ப் பெட்டியில் இருந்து கம்பி வழியாக வருவது. டிபரன்சல் மாறியது அதற்குத் தெரியாது. 60 காட்டும்போது உண்மையில் 63 போகிறீர்கள். போனில் ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை ஒப்பிட்டு, முள்ளுக்குப் பக்கத்தில் சிறு அடையாளம் ஒட்டிவிடுங்கள். ஊருக்கு வெளியே எல்லை 70.

நெல்லியடி_பாஸ் | ஜூலை 17, 2025

தாராளமாய் வாசியுங்கோ ரீச்சர். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் நல்லது, திறந்து காட்டலாம்.

கொக்குவில்காரன் | ஆகஸ்ட் 10, 2025

கொழும்பு போய் வந்தாச்சு. நல்ல சோளகம்.

ஊளை துப்புரவா இல்லை. 70இல சத்தம் குறைவு எண்டது முதல் பத்து கிலோமீற்றரிலயே தெரிஞ்சது. ரீச்சர் கணக்கில 170 சுற்றுத்தான் வித்தியாசம், ஆனால் முன்னம் அந்த வேகத்தில சீற்று அதிரிறது இப்ப இல்லை. ஆனையிறவில கால் அரைக்கு மேல போச்சு, ஆனால் நாலாம் கியரை விடாமல் பரந்தன் வந்தன். மூண்டுக்கு ஒருக்காலும் போடேல்லை. தொடக்க இழுவை கொஞ்சம் குறைஞ்சதை ஒரே ஒரு இடத்திலதான் கண்டன், கொழும்பில ஒரு வாகன நிறுத்துமிடத்துச் சரிவில. கிளச்சை இன்னும் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

பெற்றோல் முன்னம் ஒரு வழிக்கு 27 லீற்றர், இந்தமுறை 26. ஒரு ஓட்டத்தை வைச்சு முடிவு சொல்ல ஏலாது, ரீச்சர் அதைச் சொல்லமுன் நானே சொல்லிறன்.

முறிகண்டியில அம்மா இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கி மடியில வைச்சவ. பிறகு நான் கதைச்சதுக்குப் பதில் இல்லை. திரும்பிப் பாத்தால் கச்சான் பையைப் பிடிச்சபடி நித்திரை. மதவாச்சியில நிப்பாட்டினாப் பிறகுதான் எழும்பினவ.

நேற்று 800 முடிஞ்சு ஓயில் மாத்தினன். காந்த நட்டில சாம்பல் நிறப் பசை ஒரு விரல் நுனியளவு, துண்டு ஒண்டும் இல்லை. வெள்ளைத் துணியில பரவிப் படம் எடுத்து பாஸுக்கு அனுப்பினன்.

நெல்லியடி_பாஸ் | ஆகஸ்ட் 10, 2025

படம் கண்டன். அது நல்ல பசை, பல்லு பழகினதின்ர அடையாளம். அடுத்த ஓயில் சாதாரணமாய் மாத்திற நேரத்தில மாத்தினால் காணும்.

வல்வை_சின்னவான் | ஆகஸ்ட் 11, 2025

அண்ணை, முழுக்க வாசிச்சன். எனக்கும் ஒம்னிதான், ஐஸ்கட்டி ஏத்தி ஓடுறனான். முந்தி வைச்சிருந்தவர் 41:9 போட்டிருக்கிறார், நானும் எண்ணிப் பாத்திட்டன், நாலரைச் சுத்துக்குக் கொஞ்சம் கூட. பாரத்தோட துறைமுகச் சரிவு ஏறாது. உங்கட பழைய 41:8 இன்னும் இருக்குதோ? சிம்மும் அதோட இருக்குதோ?

கொக்குவில்காரன் | ஆகஸ்ட் 11, 2025

இருக்கு தம்பி. சோடி இலக்கம் சரி, நகத்தில தட்டுப்படேல்லை. பழைய சிம்மை பாஸ் தனியா ஒரு பையில போட்டு "பழசுக்கு உரியது" எண்டு எழுதித் தந்தவர், அதுவும் கிடக்கு. ஆனால் உங்கட கூட்டில அது சரிவரும் எண்டு நம்பாதேங்கோ, திரும்ப அளந்துதான் போடவேணும். ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ. வரேக்க உங்கட அக்சில் சாஃப்ற் ஒண்டைக் கழட்டிக்கொண்டு வாங்கோ.